முதலில் திறக்கும் ஃபைல்தான் நாட்டாமை

"சார், எக்செல்லுக்குக் கூட்டல் மறந்து போச்சு. கொஞ்சம் வந்து பாருங்க."

ஆடிட்டர் அலுவலகங்களுக்குக் கணினி பராமரிப்பு பார்ப்பவன் நான். ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய 20ஆம் தேதி நெருங்கினால் இப்படி ஒரு அழைப்பு வந்துவிடும். அன்று போனபோது கணக்கு பார்க்கும் பெண் செய்தே காட்டினார். விற்பனைத் தொகையை 2,40,000 என்று மாற்றி அடித்திருந்தார். அதை 2,04,000 ஆகத் திருத்தினார். 18 சதவீத வரி 36,720க்கு இறங்க வேண்டும். 43,200 அசையாமல் நின்றது.

ஃபார்முலாவில் தப்பில்லை. ஸ்டேட்டஸ் பாரின் இடது ஓரத்தில் 'கால்குலேட்' என்று பொடி எழுத்தில் ஒரு சொல் இருந்தது. கணக்கு இன்னும் போடப்படவில்லை என்று அதற்கு அர்த்தம். மறுபடி கணக்குப் போடச் சொல்லும் எஃப்9 விசையைத் தட்டினேன். 36,720.

"இந்த ஃபைல் நேத்து வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு சார்" என்றார். உண்மைதான். வில்லங்கம் வேறு ஃபைலில். அன்று காலையில் அவர் முதலில் திறந்தது ஒரு கிளையன்ட் அனுப்பிய ஸ்டாக் ஃபைல். ஆயிரக்கணக்கான வரிகள், ஒரு எண்ணை மாற்றினால் திரை உறைந்துவிடும். அதனால் அந்த கிளையன்ட் ஃபார்முலாஸ் டேபில் கணக்கிடும் முறையை 'மேனுவல்', அதாவது சொன்னால்தான் கணக்குப் போடும் என்று ஆக்கி வைத்திருந்தார். அது ஃபைலோடு சேர்ந்தே சேமிக்கப்படும். ஆனால் நடைமுறைக்கு வரும்போது எக்செல் முழுவதற்கும் பொருந்தும். முதலில் திறந்த ஃபைலில் என்ன இருக்கிறதோ, அடுத்துத் திறக்கும் எல்லா ஃபைலுக்கும் அதுதான் சட்டம்.

இன்னொரு கூத்தும் உண்டு. மேனுவலில் இருந்தாலும், சேவ் செய்யும்போது எக்செல் ஒருமுறை கணக்குப் போட்டுவிடும். அந்த வசதி தானாகவே டிக் ஆகியிருக்கும். அதனால் பிறகு திறந்து பார்க்கிறவருக்கு எண்கள் சரியாகத்தான் தெரியும். சேவ் செய்வதற்கு முன் மெயிலில் ஒட்டிய தொகையில்தான் 6,480 ரூபாய் பிசகு இருக்கும். அது மட்டுமா, அந்த சேவிலேயே உங்கள் ஃபைலும் மேனுவல் ஆகிவிடும். நாளைக் காலை அதை முதலில் திறந்தால் மறுபடி அதே கதை. ஒட்டுவாரொட்டி.

ஒரு செட்டிங் பொதுவாக இருக்கலாமா, தனியாக இருக்க வேண்டுமா என்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி இதுதான்: அது மாறினால் தோற்றம் மாறுமா, விடை மாறுமா? நிறம், மெனுவின் மொழி போன்றவை ஆளைச் சேர்ந்தவை, பொதுவாக இருக்கட்டும். விடையைத் தொடுவது ஃபைலுக்குள் நிற்பதே நியாயம். எக்செல்லிலேயே தேதிகளை 1904இலிருந்து எண்ணும் '1904 தேதி முறை' அப்படித்தான் அந்தந்த ஃபைலோடு நிற்கிறது. ஒரு ஃபைல் இன்னொன்றிலிருந்து எண்ணை இழுக்கும்போது, ஒன்று கணக்குப் போட்டு மற்றொன்று சும்மா இருந்தால் குழப்பம்தான்; பொதுவாக வைத்ததற்கு அது காரணமாக இருக்கலாம். சரி, ஆனால் யாரோ ஒருவருடைய ஃபைல் என் எக்செல்லுக்குச் சட்டம் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தன் விடையையே திரும்பத் தேடும் ஃபார்முலாவைப் பலமுறை சுற்றிக் கணக்குப் போட விடும் 'இட்டரேட்டிவ் கால்குலேஷன்' இதைவிட மோசம். அதுவும் இதே வழியில்தான் பரவும். அது ஆன் ஆகியிருந்தால், ஃபார்முலா தன்னையே சுற்றிக்கொண்டிருந்தாலும் எச்சரிக்கை வராது. (கண்ட்ரோல்-இசட்டும் எல்லா ஃபைலுக்கும் பொதுதான். ஒன்றில் அழுத்தினால் இன்னொன்றில் செய்தது கழன்று போகும்.)

காலையில் ஒரு வெற்று ஒர்க்புக்கை முதலில் திறந்துவிட்டு, ஆட்டோமேட்டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மற்ற ஃபைல்களைத் திறப்பது எளிய வழி. ஆனால் அந்தக் கனமான ஸ்டாக் ஃபைல் அப்போது திணறும். அதற்கு ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி எக்செல் ஐகானைக் கிளிக் செய்யுங்கள். தனி இன்ஸ்டன்ஸ், அதாவது தனியாக ஓடும் இன்னொரு எக்செல் வேண்டுமா என்று கேட்கும். அங்கே மேனுவல், இங்கே ஆட்டோமேட்டிக், ஒன்றின் சட்டம் மற்றொன்றில் செல்லாது. இதற்கும் விலை உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு காப்பி செய்தால் ஃபார்முலா வராது, எண் மட்டும் வரும். மேக்ரோ எனப்படும் தானாக ஓடும் கட்டளைகளை நமக்கென்று சேர்த்து வைக்கும் பெர்சனல் மேக்ரோ ஃபைல் வேறிடத்தில் திறந்திருக்கிறது என்று முணுமுணுக்கும். மேக்ரோ என்றதும் நினைவு வருகிறது: வேகத்துக்காக மேனுவலுக்கு மாற்றும் மேக்ரோ பாதியில் நின்றுபோனால், பழையபடி மாற்ற ஆளிருக்காது. எழுதித் தருகிறவர்கள் இதைக் கவனித்தால் எனக்குப் பாதி அழைப்பு குறையும்.

பொதுவா தனியா என்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே விடை கிடையாது. விண்டோஸ் 7 வரை கீபோர்டு மொழி ஜன்னலுக்கு ஜன்னல் தனி. 8இலிருந்து எல்லாவற்றுக்கும் பொது. வேண்டுமானால் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். அதே அலுவலகத்தில் அந்தப் பெண் வேர்டில் தமிழ்99 கீபோர்டு அமைப்பில் கடிதம் அடித்துக்கொண்டே எக்செல்லில் ஆங்கிலத்தில் பதிவு போடுகிறவர். அவர் கணினியில் தனித்தனியாக வைத்துக் கொடுத்தேன். ஆடிட்டருக்கும் அதையே செய்யப் போனேன். "எனக்கு வேண்டாம்பா, எந்த ஜன்னல்ல எந்த மொழின்னு யார் ஞாபகம் வச்சுக்கிறது" என்று மறுத்துவிட்டார். அவருடையதைப் பொதுவாகவே விட்டுவிட்டு வந்தேன்.