ரெண்டும் பொட்டை, நாலு முட்டை

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு மொட்டை மாடிகளில் புறா வளர்ப்பவர்களிடம் அவ்வப்போது கேட்கும் புலம்பல் இது: “ஜோடின்னு நம்பி வுட்டேண்ணா, ரெண்டும் பொட்டை. நாலு முட்டை கெடக்குது.” ஒரு பெட்டைப் புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். நான்கு கிடந்தால் இரண்டு பெட்டைகள் ஜோடி சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். எதுவும் பொரியாது, அது வேறு.

வேறு புறாவே கண்ணில் படாமல் தனியாக அடைத்த பெட்டையோ பெரும்பாலும் முட்டையே இடாது. 1939-இல் ஹாரிசன் மேத்யூஸ் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் அப்படி அடைத்த பெட்டைக்கு முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தார். தன் உருவத்தைப் பார்த்தே அது முட்டையிட்டது!

ஹார்மோன் ஏறியதும் ஆசை வரும் என்று நாம் பேசுவது பாதிக் கதைதான். கண்டதும் கேட்டதும் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸை எட்டுகின்றன. அது பிட்யூட்டரி என்ற சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி விந்தகத்தையும் சினைப்பையையும் தூண்டுகிறது. அங்கே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏறி மறுபடி மூளைக்கே வந்து நடத்தையை மாற்றுகின்றன.

இந்தச் சுற்றைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் டேனியல் லெர்மன். புறாவின் உறவான மணிப்புறா வகை ஒன்றை வைத்து 1950, 60-களில் ஆராய்ந்தார். விதை நீக்கிய ஆண், தலை தாழ்த்திக் குனுகிச் சுற்றிவரும் சரசத்தை விட்டுவிடும். அதைப் பார்க்கும் பெட்டையின் சினைப்பையும் சரியாக வளராது. அவனுடைய ஹார்மோன் அவளுடைய கண் வழியாக வேலை செய்கிறது! தயாரான கூட்டையும் முட்டையையும் வைத்து, புதிதாகச் சேர்த்த ஜோடியை உள்ளே விட்டால் உடனே அடைக்கு உட்காராது. முதலில் சரசம், பிறகு கூடு கட்டல், ஐந்தாறு நாள் கழித்துத்தான் அடை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை முன்கூட்டியே ஊசியாகப் போட்டால் இந்தக் காத்திருப்பு தேவைப்படாது.

அடைகாக்கும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும். ஆண், பெண் இரண்டின் தீனிப்பையும் தடித்து, குஞ்சுக்குக் கொடுக்கும் புறாப்பால் உண்டாகும். இந்த விளைவை வைத்தே ஆஸ்கர் ரிடில் குழு 1930-களில் அந்த ஹார்மோனை அடையாளம் கண்டு பெயரிட்டது. அடைகாக்கத் தொடங்கியபின் பிரித்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் வைத்த ஆணுக்கும், பெட்டை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே தீனிப்பை தடித்தது. எனக்கு இதில் மிகப் பிடித்த சோதனை இதுதான்.

மனிதனில் ஹார்மோனின் கடிவாளம் இன்னும் தளர்வு. பெண் எலி ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சரியாக அமையும் சில மணி நேரத்தில்தான் ஆணுக்கு இணங்கும். பெண்களின் விருப்பத்துக்கு அப்படி ஒரு பூட்டு கிடையாது. உறவு, களைப்பு, பயம், ஒண்டிக் குடித்தனத்தில் தனிமையே கிடைக்காதது எல்லாம் சேர்ந்துதான் மூளை முடிவெடுக்கிறது. ஆனாலும் ஹார்மோன் நடத்தையை மாற்ற, வாழ்க்கை ஹார்மோனை மாற்றும் அந்த இருவழிப் போக்கு நம்மிலும் உண்டு. பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களை 2005-லும் 2009-லும் சோதித்தார்கள். தொடக்கத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகமிருந்தவர்களே பின்னர் துணை தேடி அப்பாவாகும் வாய்ப்பு அதிகம். அப்பாவானபின் அவர்களுக்கே அது வெகுவாகக் குறைந்தது. தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களிடம், பிள்ளை பக்கமே போகாத அப்பாக்களைவிடக் குறைவாக இருந்தது.