பயோபிக்: எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும்?

விடுமுறைக்குச் சேலத்தை அடுத்த கன்னங்குறிச்சிக்கு வந்திருந்த அக்கா மகன், அமெரிக்க ராக் பாடகர் ஜிம் மாரிசனைப் பற்றிய படத்தை மடிக்கணினியில் பார்த்து முடித்துவிட்டு, கல்லூரி இதழுக்கு அதைப் பற்றி எழுத உட்கார்ந்தான். "மாமா, பயோபிக்னா சுயசரிதைப் படம்தானே?" என்று கேட்டான்.

இல்லை. தன் கதையைத் தானே சொல்வதுதான் சுயசரிதை. 'தி டோர்ஸ்' குழுவின் பாடகர் மாரிசன் 1971 ஜூலை 3 அன்று பாரிசில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. ஆலிவர் ஸ்டோன் இயக்கிய படம் வெளிவந்தது 1991-இல். இருபது ஆண்டு கழித்து இன்னொருவர் சொன்ன கதை எப்படிச் சுயசரிதை ஆகும்? செய்திகளிலும் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. விளையாட்டு வீரரைப் பற்றிய படமோ தலைவரைப் பற்றிய படமோ வந்தால் உடனே 'சுயசரிதைப் படம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

உண்மையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை நடிகர்களை வைத்துச் சொல்லும் படமே பயோபிக். அந்தப் பெயர் இரண்டு ஆங்கிலச் சொற்களை நறுக்கி ஒட்டியது. 'பயோகிராஃபிக்கல்' என்பதில் முன்பாதி, 'பிக்சர்' என்பதில் முதல் துண்டு. அமெரிக்கத் திரையுலகில் சென்ற நூற்றாண்டின் நடுவில் புழக்கத்துக்கு வந்தது. நமக்கு இது புதிதல்ல. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்று சொல்லும் ஊர்க்காரர்கள் நாம். முழுச் சொற்களையும் உச்சரிக்க நாக்குக்குப் பொறுமை இல்லாதபோது இப்படித்தான் நடக்கும். சிலர் 'பயாபிக்' என்கிறார்கள். பயோ, பிக் என்று ஒட்டிய இடம் தெரியும்படி சொல்வதே நல்லது.

'பயோ'வின் வேர் கிரேக்கச் சொல்லான 'பியோஸ்'. அதற்கு வாழ்க்கை, வாழும் முறை என்று பொருள். கல்யாணத் தரகர் கேட்கும் பயோடேட்டாவில் இருப்பதும் இதே பயோதான். உயிரியல் பாடத்தில் அதை 'உயிர்' என்று பெயர்த்தோம். இங்கே 'வாழ்க்கை' என்றே பெயர்க்க வேண்டும்.

அடுத்து 'படம்'. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படம் என்றால் முதலில் துணி. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் புறநானூறு "படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ" என்கிறது. அந்தப் படாமும் படமும் ஒரே குடும்பம். துணியில் தீட்டிய ஓவியத்துக்குப் படம் என்று பெயர் வந்தது. பிறகு சுவரில் மாட்டும் ஓவியத்துக்கும், போட்டோவுக்கும், கடைசியில் சினிமாவுக்கும் அதுவே பெயரானது. வெள்ளைத் திரையில் விழும் ஒளிக்கு, துணிக்கு வைத்த பெயர் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது!

ஆனால் தமிழில் 'இன்னார் படம்' என்றால் பல பொருள் வரும். ஏற்காடு சாலையில் நிற்கும் நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம், 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நினைவுக்கு வரும். சேலத்துப் பெரியவர்கள் 'மாடர்ன் தியேட்டர்ஸ் படம்' என்றால், எடுத்த கம்பெனியைச் சொல்கிறார்கள். 'எம்.ஜி.ஆர். படம்' என்றால் நடித்தவர். 'ஸ்ரீதர் படம்' என்றால் இயக்குநர். 'பாரதியார் படம்' என்றாலோ, பள்ளிக்கூடச் சுவரில் முண்டாசும் மீசையுமாகத் தொங்குவதுதான் முதலில் தோன்றும். மருமகன் பார்த்ததை 'மாரிசன் படம்' என்று சொன்னபோது என் அம்மா, "அவரு நல்லா நடிச்சிருக்காரா?" என்று கேட்டார். கேள்வியில் தப்பே இல்லை. நடித்தவர் வால் கில்மர். மேடைப் பாடல்களில் பலவற்றை அவரே பாடியும் இருக்கிறார். ஆக, யாரைப் பற்றியது என்று காட்ட இந்த வகைப் படத்துக்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும்.

வழக்கில் இருப்பது 'வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம்'. நீளமாக இருப்பது ஒரு குறை. அதைவிட 'வரலாறு' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. வரல், ஆறு: வந்த வழி. வந்த வழியை உள்ளபடி சொல்வதாக வாக்குக் கொடுக்கிற சொல் அது. ஸ்டோனின் படம் அப்படியா சொல்கிறது? 1965-இல் மாரிசனோடு சேர்ந்து குழுவைத் தொடங்கிய ரே மன்சரெக் அந்தப் படத்தைக் கடுமையாக எதிர்த்தார். மாரிசனைக் குடித்துக் கட்டுமீறும் ஆளாகக் காட்டிவிட்டார்கள், அவருடைய சிரிப்பும் வேடிக்கையும் காணவில்லை என்பது மன்சரெக்கின் வருத்தம். கூட இருந்த நண்பருக்கே அடையாளம் தெரியாததை வரலாறு என்று எப்படிச் சொல்வது? அதோடு, 1969-இல் மயாமி மேடையில் ஆபாசமாக நடந்துகொண்டதாக மாரிசன் மீது வழக்குப் போட்டார்கள். தண்டனையும் கிடைத்தது. மேல்முறையீடு முடியும் முன்பே அவர் இறந்துபோனார். 2010-இல் புளோரிடா மாநிலம் மன்னிப்பு வழங்கியது. வந்த வழி, படம் வெளியாகி 19 ஆண்டு கழித்தும் நீண்டுகொண்டுதான் இருந்தது.

நமக்கும் இளம் வயதில் போன கலகக்காரப் பாட்டுக்காரர் ஒருவர் உண்டு. பாரதி போனது 38 வயதில், 1921-இல். ஞான ராஜசேகரன் 2000-இல் எடுத்த படத்தில் சாயாஜி ஷிண்டே என்ற மராத்தி நடிகர் அவராக வாழ்ந்தார். அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கலங்கியிருக்கிறேன். அது இயக்குநர் கண்ட பாரதி. அதைச் சொல்வதால் படத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

இன்னொன்று, இங்கே சொல்லாவிட்டால் விட்டுப்போகும்: மாரிசன் பாடிய ராக் இசையைப் 'பாறை இசை' என்று பெயர்க்காதீர்கள். தொட்டில் ஆடுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்தான் அந்த ராக். ராக் இசை என்றே எழுதலாம்.

சரி, பயோபிக்குக்கு என்ன சொல்? 'வாழ்க்கைப்படம்' என்று சுருக்கலாமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் குகையிலிருந்து இங்க வாழ்க்கைப்பட்டு வந்து அம்பது வருஷமாச்சு" என்றார். குகை என்பது சேலத்தில் ஒரு பகுதி. காதுக்குக் கல்யாணப் பேச்சு ஆகிவிடுகிறது. 'சரிதைப் படம்' மோசமில்லை. சுயசரிதையில் 'சுய'த்தை எடுத்தாலே கிடைத்துவிடும். ஆனால் அது வடசொல் வழி வந்தது, இன்றைய பிள்ளைகள் வாயில் தனியாகப் புழங்குவதும் இல்லை.

நான் தேர்ந்தெடுத்தது 'வாழ்க்கைக் கதைப் படம்'. வாழ்க்கை ஒருவருடையது, கதை இன்னொருவர் சொல்வது. இரண்டும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன. மாரிசனின் உண்மையான பதிவுகளை மட்டும் தொகுத்து 2009-இல் வந்ததை ஆவணப்படம் என்றும், கில்மர் நடித்ததை வாழ்க்கைக் கதைப் படம் என்றும் குழப்பமில்லாமல் பிரிக்க முடிகிறது. மருமகன் தன் தலைப்பில் 'சுயசரிதை'யை அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டான். கதை என்ற சொல்லுக்கு முன்னால் வரும் 'க்'கை மட்டும் நான் சேர்த்துக் கொடுத்தேன்.