பயோஈக்விவலன்ஸ்: உயிர்நிகர்மை

பயோஈக்விவலன்ஸ் என்னும் சொல்லின் முன்பாதி, வாழ்வைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்தும், பின்பாதி, சமம், மதிப்பு எனப் பொருள்படும் இரு இலத்தீன் வேர்களிலிருந்தும் வந்தவை. ஒரே மருந்துப்பொருளைக் கொண்ட இரு தயாரிப்புகள், ஒரே அளவில் உட்கொள்ளப்படும்போது, குறிப்பிடத்தக்க வேறுபாடின்றி ஒத்த வேகத்திலும் ஒத்த அளவிலும் குருதியைச் சென்றடைவதை இச்சொல் குறிக்கும். 'சமத்துவம்' மனிதரின் உரிமையைப் பேசும் சொல்லாகிவிட்டதால் இங்கே பொருந்தாது. ஒன்றுக்கு ஈடாக மற்றொன்று நிற்பதைச் சுட்டும் 'நிகர்' என்பதை அடியாகக் கொண்ட 'உயிர்நிகர்மை' பொருத்தமானது. 'நிகர லாபம்' என்னும் கணக்கியல் வழக்கு இதில் குழப்பம் விளைவிக்காது.

இந்த நிகர்மைக்கு எல்லை உண்டு. குருதியில் மருந்தின் உச்சச் செறிவு, செறிவு வளைகோட்டின் கீழுள்ள பரப்பு (குருதியை அடைந்த மருந்தின் மொத்த அளவைக் காட்டுவது) ஆகிய இரண்டிலும், புதிய தயாரிப்புக்கும் மூலத் தயாரிப்புக்கும் உள்ள பெருக்கல் சராசரிகளின் விகிதத்துக்கான 90 விழுக்காட்டு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடும் எனக் கணிக்கப்படும் வீச்சு, 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் முழுமையாக அடங்க வேண்டும். (125 என்பது 80-இன் தலைகீழ், மடக்கை அளவில் இரு பக்கமும் சமதூரம்.)

ஒரே மருந்தை ஒரே ஆளுக்கு இருமுறை கொடுத்தாலும் அளவீடுகள் பெரிதும் மாறினால், அதாவது ஒருவருக்குள்ளான மாறுபாட்டுக் கெழு (சராசரியோடு ஒப்பிட்ட சிதறலின் அளவு) 30 விழுக்காட்டை எட்டினால், அதை 'மிகுமாறுபாட்டு மருந்து' எனலாம். இங்கே 'மிகு' என்பது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் குறிப்பதன்று. இத்தகைய மருந்தில் நம்பக இடைவெளி விரிந்துவிடுவதால், மூல மருந்தே தன்னோடு ஒப்பிடப்பட்டாலும் சிறு ஆய்வில் தோற்கக்கூடும். மாறுபாடு 50 விழுக்காடானால், ஒவ்வொருவரும் இரு தயாரிப்புகளையும் மாற்றி மாற்றி உட்கொள்ளும் வழக்கமான இருகட்ட மாற்று ஆய்வுக்கு ஏறத்தாழ நூறு பேர் தேவைப்படலாம்.

எனவே மூல மருந்தை ஒவ்வொருவருக்கும் குறைந்தது இருமுறை கொடுத்து, அதன் மாறுபாட்டுக்கேற்ப எல்லையை விரிக்கும் வழி வந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை இரு அளவீடுகளுக்கும் ஏற்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை உச்சச் செறிவுக்கு மட்டும், மருத்துவக் காரணம் காட்டப்பட்டால், 69.84 முதல் 143.19 விழுக்காடு வரை இடமளிக்கிறது. கனடா, இதற்கு நேர்மாறாக, பரப்புக்கே எல்லையை விரிக்கிறது. ஆனால் எங்கும் கட்டற்ற சலுகை இல்லை: எல்லை எவ்வளவு விரிந்தாலும், விகிதத்தின் புள்ளி மதிப்பீடு, அதாவது ஆய்வில் கிடைத்த ஒற்றை மதிப்பு, 80–125-க்குள் நின்றாக வேண்டும்.