அசர்ட் வரி காவல் அல்ல: நிரல் எழுதுவோர் கவனத்துக்கு

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் புதிதாக மென்பொருள் துறைக்கு வரும் பிள்ளைகளின் நிரல்களைப் பார்வையிடும்போது, வெளியிலிருந்து வரும் தரவைச் சோதிக்க அசர்ட் கூற்றை (assert: ஒரு நிபந்தனை உண்மையா என்று பார்த்து, இல்லையென்றால் நிரலைப் பிழையோடு நிறுத்தும் வரி) பயன்படுத்தும் வழக்கத்தை அடிக்கடி காண்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் விளையும் நெல்லைக் கொள்வனவு செய்வோருக்காகப் பைதன் மொழியில் எழுதப்பட்ட ஒரு செயலியில், தராசடியில் நிற்பவர் கைபேசியில் பதியும் எடைக்கு "அசர்ட் எடை > 0" என்ற ஒரு வரிதான் சோதனையாக இருந்தது. ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் அப்படியே எழுதப்பட்டிருந்தது. பைதனை மேம்படுத்தல் தெரிவுடன் (-O) இயக்கினால் இவ்விரு வரிகளும் நிரலில் இல்லாமலே போய்விடும் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவை ஏன் நீக்கப்படுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள, அசர்ட் எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். பெரிய நிரலொன்றைச் சரிபார்ப்பவரின் வேலை இலகுவாக வேண்டுமானால், நிரலாளர் தனித்தனியே சரிபார்க்கத்தக்க திட்டவட்டமான கூற்றுகளை இடையிடையே எழுதி வைக்க வேண்டும் என்று கணினியியல் முன்னோடி அலன் டூரிங் 1949இல் கேம்பிரிட்ஜில் எடுத்துரைத்தார். 1967இல் ரொபர்ட் ஃபுளோய்டும் 1969இல் டோனி ஹோரும் அதற்குத் தருக்க அடித்தளம் அமைத்தார்கள். அவர்களுக்கு இக்கூற்று நிரலின் சரித்தன்மையை நிறுவுவதற்கான கருவி. இந்த இடத்தில் இது உண்மையாகவே இருக்கும், இல்லையென்றால் பிழை என் நிரலில்தான் என்று நிரலாளர் பொறுப்பேற்றுச் சொல்வதே அசர்ட். சரியான நிரலில் அந்த வரி இருந்தாலும் எடுத்தாலும் விளைவு மாறாது என்பதால்தான் மொழிகள் அதைத் துணிந்து நீக்குகின்றன. பயனர் தவறாகத் தட்டிய எண்ணோ நிரலாளரின் பிழையல்ல. அது எந்நாளும் நிகழக்கூடியது.

பெயரைப் பார்த்து நடத்தையை ஊகிக்கவும் முடியாது. சி மொழியில் என்டீபக் (NDEBUG) என்ற பெயரை வரையறுத்துவிட்டால் அசர்ட் மறைந்துவிடும். ஜாவாவில் 2002இல் வந்த அசர்ட், நாமாக இயக்கிவிடாதவரை உறங்கியே கிடக்கும். ரஸ்டிலோ அசர்ட் எப்போதும் இயங்கும். நீங்கக்கூடியதற்கு டீபக் அசர்ட் என்று தனிப்பெயர் சூட்டியிருக்கிறார்கள், அது நேர்மையான பெயர். ஸ்விஃப்டில் வெளியீட்டுப் பதிப்பிலும் நிற்க வேண்டியதற்குப் பிரிகண்டிஷன் உண்டு. ஆனாலும் என் கணிப்பில், பெயரிடுவதில் ஐஃபெல் மொழிதான் எல்லாவற்றையும்விட ஆழமாகச் சிந்தித்தது: ரிக்வயர் (செயற்கூறு தொடங்கும் முன் இருக்க வேண்டிய நிபந்தனை) முறிந்தால் அதை அழைத்தவர் பிழை, என்ஷூர் (அது முடிந்தபின் இருக்க வேண்டிய நிபந்தனை) முறிந்தால் அதை எழுதியவர் பிழை என்று, பொறுப்பு யாருடையது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

பைதனில் இன்னொரு பொறியும் உண்டு. நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது வெறுமையற்ற டியூப்பிளாகி (பல மதிப்புகளைச் சேர்த்த கோவையாகி), எடை என்னவாக இருந்தாலும் உண்மை என்றே கொள்ளப்படும். பைதன் எச்சரிக்கை தரும். அதை வாசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பட்டியலிலிருந்து ஒன்றை நீக்குவது போன்ற வேலைகளை அசர்ட்டுக்குள் வைப்பதும் ஆபத்தானது, ஏனெனில் வரி நீங்கும்போது அந்த வேலையும் நின்றுவிடும்.

அந்தச் செயலியில் எடைக்கும் ஈரப்பதனுக்கும் இஃப் நிபந்தனை எழுதி, தவறான பதிவைத் தமிழ்ச் செய்தியோடு திருப்பி அனுப்பச் சொன்னேன். அசர்ட்டை ஓரிடத்தில் மட்டும் வைத்துக்கொண்டோம்: கழிவு கணித்து முடிந்த பின், நிகர எடை மொத்த எடையை விஞ்சவில்லை என்று சொல்லும் இடத்தில்.