வெக்ஷோ மருத்துவர் திறந்துவைத்த பூ

1726-ஆம் ஆண்டு. தென் ஸ்வீடனில் உள்ள வெக்ஷோ நகரப் பள்ளிக்கு மகன் கார்லைப் பற்றி விசாரிக்க வந்தார் நில்ஸ் லின்னேயஸ் என்ற கிராமத்துப் பாதிரியார். பையனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது கைத்தொழிலில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள் ஆசிரியர்கள். மனமுடைந்தவர், தம் உடல் உபாதைக்கு மருந்து கேட்க மாகாண மருத்துவர் யோகான் ரோத்மானிடம் போனார். ரோத்மான் அதே பள்ளியில் பாடமும் நடத்திவந்தவர். பையன் பாதிரியார் ஆகமாட்டான், நல்ல மருத்துவன் ஆவான் என்று சொல்லி, கார்லைத் தம் வீட்டிலேயே வைத்துக் காசு வாங்காமல் கற்பித்தார்.

அன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடிகளே. ஆகவே தாவரவியல் மருத்துவனின் அன்றாடத் தேவை. பிரெஞ்சு அறிஞர் தூர்னஃபோர் இதழ்களின் அமைப்பை வைத்துச் செடிகளை வகுத்திருந்தார். ரோத்மான் முதலில் கற்பித்தது அதைத்தான். கூடவே, 1717-இல் பாரிஸில் தாவரவியலாளர் வையான் ஆற்றிய உரையையும் அறிமுகப்படுத்தினார். இதழ் வெறும் போர்வை. இனப்பெருக்கம் நடப்பது மகரந்தத்தாளிலும் சூலகத்திலும்தான் என்றது அந்த உரை.

இதற்கு முன்பே 1694-இல் ஜெர்மானியரான கமெராரியஸ் ஆமணக்கில் சோதித்துப் பார்த்திருந்தார். ஆமணக்குக் கதிரில் ஆண் பூக்கள் கீழே, பெண் பூக்கள் மேலே. மகரந்தப்பைகள் வெடிப்பதற்குள் ஆண் பூக்களைக் கிள்ளிவிட்டார். காய் தோன்றியது, உள்ளே விதை இல்லை. காரணம் இன்று நமக்குத் தெரியும். சூலகத்தின் உச்சியான சூல்முடியில் விழும் மகரந்தத்தூள் ஒவ்வொன்றும் மெல்லிய குழல் விட்டு, சூல்தண்டின் ஊடாக இறங்கி, ஆண் செல்லைச் சூலுக்குள் சேர்க்கிறது. இந்தக் குழல் வையானுக்கும் தெரியாது, ரோத்மானுக்கும் தெரியாது. இத்தாலியரான அமிச்சி பருப்புக்கீரைப் பூவில் அதைக் கண்டு எழுதியதே 1824-இல்தான்!

மாணவர் கார்ல் லின்னேயஸ் இந்த அறிவைக் கணக்காக மாற்றினார். 1735-இல் வெளியிட்ட நூலில் செடிகளை 24 வகுப்புகளாகப் பிரித்தார். பெரும்பாலும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை, நீளம், சேர்க்கை ஆகியவற்றை வைத்து. பூவைப் பிரித்து எண்ணத் தெரிந்தால் போதும், எந்த நாட்டுச் செடியையும் ஒரு வகுப்பில் அடக்கிவிடலாம். அந்த எளிமைதான் அதன் வெற்றி. என் கணிப்பில் அதன் பலவீனமும் அதுவே. மகரந்தத்தாள் எண்ணிக்கை ஒன்றாக இருந்ததால் மட்டும், உறவே இல்லாத செடிகள் ஒரே வகுப்பில் விழுந்தன. பின்வந்தவர்கள் பல உறுப்புகளைச் சேர்த்துப் பார்த்து இதைத் திருத்தினார்கள்.

மாணவரை மருத்துவம் படிக்க 1728-இல் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு மாறச் சொன்னதும் ரோத்மான்தான். 1763-இல் அவர் இறந்தபோது அவருடைய மகன் யோரானும் லின்னேயஸின் மாணவராகியிருந்தார்.