ஆறாவதாக வரும் பெண்ணின் கணக்கு

"என் மகள் அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிறாள். கிராஸ் கன்ட்ரி அணியில் இருக்கிறாள். ஏழு பேர் ஓடுகிறார்கள், ஐந்து பேருக்குத்தான் புள்ளியாம். இவள் பெரும்பாலும் அணியில் ஆறாவதாகத்தான் வருகிறாள். கணக்கில் சேராத ஓட்டத்துக்காக ஏன் இப்படி மூச்சு முட்ட ஓட வேண்டும்?"

ஒரு வாசகி இப்படிக் கேட்டு எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விளையாட்டுக் கணக்குகளில் நான் மிகவும் நேசிப்பது இந்த ஆறாவது ஆளின் கணக்கைத்தான்.

விதிகளை முதலில் வேகமாகப் பார்த்துவிடுவோம். கிராஸ் கன்ட்ரி என்பது மைதானத்துத் தடத்தில் ஓடுவதல்ல. புல்வெளி, மேடு, பள்ளம், சேறு என்று திறந்த வெளியில் ஓடுவது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஓர் அணிக்கு ஏழு பேர். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டினால் அணியின் புள்ளி. குறைந்த கூட்டுத்தொகைக்கே வெற்றி. முதல் ஐந்து இடங்களையும் ஒரே அணி பிடித்தால் 1+2+3+4+5, அதாவது 15. அதற்குக் கீழே யாராலும் போக முடியாது. அணி இல்லாமல் தனியாகத் தகுதி பெற்று ஓடுகிறவர்களையும், ஐந்து பேர் ஓடி முடிக்காத அணிகளின் ஆட்களையும் நீக்கிவிட்டு, மிச்சமுள்ளவர்களுக்கு 1, 2, 3 என்று புதிதாக எண் போட்டுத்தான் கூட்டுவார்கள்.

அந்தப் புதிய எண் வரிசையில் ஆறாவது, ஏழாவது ஆட்களுக்கும் இடம் உண்டு. அவர்கள் பெறும் எண் சொந்த அணியின் கூட்டலில் சேராது. ஆனால் அந்த எண் வேறு யாருக்கும் கிடைக்காமல் போய்விடும். சங்கதி அங்கேதான் இருக்கிறது.

இந்தப் புள்ளி எதை அளக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஓர் அணியின் புள்ளியிலிருந்து 15-ஐக் கழியுங்கள். மிஞ்சுவது என்ன? அந்த அணியின் ஐந்து பேரும் தங்களுக்கு முன்னால் பார்த்த எதிரணி முதுகுகளின் எண்ணிக்கை. ஒருவர் எட்டாம் இடம் வந்தால் அவருக்கு முன்னால் ஏழு பேர். அதில் சொந்த அணிக்காரர்களைக் கழித்தால் மீதி எதிரணிக்காரர்கள். ஐந்து பேருக்கும் இதைச் செய்து கூட்டினால், ஓடுகிறவரையும் சேர்த்துச் சொந்த அணிக்காரர்களால் வருகிற பங்கு எப்போதும் அதே 15-தான். ஆக, கிராஸ் கன்ட்ரி புள்ளி என்பது முதுகுகளை எண்ணுகிற கணக்கு. காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பாருங்கள், மறக்கவே மாட்டீர்கள்.

சிவப்பு, நீலம் என்று இரண்டு அணிகள் மட்டும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு அணிக்கு ஐந்து பேர்தான்.

சிவப்பு: 1, 2, 6, 8, 10. கூட்டினால் 27.
நீலம்: 3, 4, 5, 7, 9. கூட்டினால் 28.

ஒரே ஒரு புள்ளியில் சிவப்பு வென்றுவிட்டது. சிவப்பு பார்த்த முதுகுகள் 12, நீலம் பார்த்தவை 13, மொத்தம் 25. ஐந்துக்கு ஐந்து, 25 சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் யாரோ ஒருவர் முன்னால் இருந்தாக வேண்டும். 25 ஒற்றைப்படை எண் என்பதால் இப்படிப்பட்ட பந்தயத்தில் இரண்டு அணியும் சமமாக வரவே முடியாது.

இப்போது நம் வாசகியின் மகள் நீல அணியில் ஆறாவது ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பின் ஐந்தாவது பெண் முடிவுக்கோட்டை நெருங்குகிறாள். கடைசி ஐம்பது மீட்டரில் இவள் பக்கவாட்டில் வந்து, நெஞ்சை முன்னே தள்ளி, அவளுக்கு முன்னால் கோட்டைத் தாண்டிவிடுகிறாள். பத்தாம் இடம் இவளுக்கு. நீலத்தின் புள்ளி மாறவில்லை, அதே 28. ஆனால் சிவப்பின் ஐந்தாவது ஆள் பதினோராம் இடத்துக்குப் போய்விட்டாள். 1+2+6+8+11, அதுவும் 28. கணக்கிலேயே சேராத ஓட்டம் என்றீர்களே, அது ஒரு தோல்வியைச் சமநிலை ஆக்கிவிட்டது.

சரி, சமநிலை வந்தால்? என்.சி.ஏ.ஏ. விதி இங்கே மறுபடி கூட்டுவதில்லை. இரண்டு அணிகளின் முதல் ஆளையும் முதல் ஆளையும் எதிரெதிரே நிறுத்துகிறது. அப்புறம் இரண்டாவதை இரண்டாவதோடு, இப்படியே ஐந்து வரை. ஐந்தில் பெரும்பான்மை யாருக்கோ, அவர்களுக்கே மேலிடம். நம் பந்தயத்தில் 1-க்கு 3, சிவப்பு. 2-க்கு 4, சிவப்பு. 6-க்கு 5, நீலம். 8-க்கு 7, நீலம். 11-க்கு 9, நீலம். மூன்றுக்கு இரண்டு என்று நீலம் வென்றுவிட்டது! ஆறாவது பெண் கடைசி ஐம்பது மீட்டரில் முந்தியிருக்காவிட்டால் கோப்பை சிவப்புக்குப் போயிருக்கும். ஏழாவது ஆளும் அதே இடத்தில் நுழைந்திருந்தால் 29-க்கு 28 என்று சமநிலைகூடத் தேவைப்பட்டிருக்காது.

இது காகிதத்தோடு நிற்கிற விஷயம் அல்ல. 2022 நவம்பரில் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில் ஆண்களுக்கான முதல் பிரிவு தேசிய இறுதிப் பந்தயம், பத்து கிலோமீட்டர். நார்தர்ன் அரிசோனா 83 புள்ளி, ஓக்லஹோமா ஸ்டேட் 83 புள்ளி. ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு அது சொந்த மண். பந்தயம் நடந்தது அவர்களுடைய கிராஸ் கன்ட்ரிப் பாதையில். ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுப் பார்த்ததில் பட்டம் நார்தர்ன் அரிசோனாவுக்குப் போனது. இரண்டு அணிகளும் பார்த்த முதுகுகள் 68, 68. அந்த 68-இல் ஏதாவது ஒன்று, கூட்டத்தின் நடுவே எங்கோ ஒரு தோள் முன்பின்னாகியிருந்தால் பட்டமே கைமாறியிருக்கலாம். தொலைக்காட்சிக் கேமரா பெரும்பாலும் முன்னால் ஓடும் நாலைந்து பேர் மேல்தான் இருக்கும். பட்டம் முடிவாவதோ பின்னால், ஒரே நொடியில் நாலைந்து பேர் கோட்டைத் தாண்டுகிற நெரிசலில். அங்கே காலணியிலோ சட்டை எண்ணிலோ ஒட்டியிருக்கும் சிப் மட்டும் போதாது. விதிப்படி முந்த வேண்டியது பாதம் அல்ல, உடம்பு. அதனால் நெருக்கமான முடிவுகளில் கோட்டருகே உள்ள கேமராப் படத்தைப் பெரிதாக்கி, யாருடைய மார்பு முதலில் கோட்டைத் தொட்டது என்று பார்ப்பார்கள்.

சமநிலையைத் தீர்க்க வேறு வழிகளும் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பந்தயங்களில் எந்த அணியின் ஆறாவது ஆள் முன்னால் வந்தாரோ அந்த அணிக்கு வெற்றி. உலக கிராஸ் கன்ட்ரிப் போட்டியில் புள்ளி பெறும் கடைசி ஆள் எந்த அணியில் முன்னால் வந்தாரோ அவர்களுக்கு. மூன்றில் எனக்குப் பிடித்தது கல்லூரி முறைதான். அதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது.

மறுபடி முதல் பந்தயத்துக்கே போவோம், சிவப்பு 27, நீலம் 28. ஆறாவது ஆட்களை மறந்துவிடுங்கள். அதே பந்தயத்தில் பச்சை என்று மூன்றாவது அணி ஒன்றும் ஓடியது, அவர்களின் ஐந்து பேரும் ஒரு கொத்தாக, நீலத்தின் கடைசி ஆளுக்கும் சிவப்பின் கடைசி ஆளுக்கும் நடுவே வந்தார்கள் என்று வையுங்கள். சிவப்பின் ஐந்தாவது ஆள் பத்திலிருந்து பதினைந்துக்குப் போகிறாள். சிவப்பு 32, நீலம் 28, பச்சை 60. சிவப்பும் நீலமும் ஓடியது அதே ஓட்டம். யாரும் யாரையும் புதிதாக முந்தவில்லை. வெற்றியைப் பற்றிக் கனவுகூடக் காண முடியாத பச்சை அணி நடுவே வந்ததால் முதலிடம் மாறிவிட்டது! தேர்தலில் மூன்றாவது வேட்பாளர் ஓட்டைப் பிரித்து முடிவை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பத்துச் சிக்கல்தான் இது.

ஆளுக்கு ஆள் ஒப்பிடுகிற முறையில் இந்தக் கோளாறு கிடையாது. உங்கள் மூன்றாவது ஆள் என் மூன்றாவது ஆளுக்கு முன்னால் வந்தாளா இல்லையா என்பதுதான் கேள்வி. நடுவில் பச்சை எத்தனை பேர் வந்தாலும் பதில் மாறாது. கூட்டல் முறையின் பலவீனம் எதுவோ, அது தொடமுடியாத இடத்திலிருந்து தீர்ப்பு வருகிறது. அதனால்தான் இந்த விதி எனக்கு அவ்வளவு அழகாகப் படுகிறது.

அப்படியானால் கூட்டலை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமே? முடியாது. இந்த மூன்று அணிகளைப் பாருங்கள்.

சிவப்பு: 1, 4, 9, 11, 14.
நீலம்: 2, 5, 7, 12, 15.
பச்சை: 3, 6, 8, 10, 13.

ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் சிவப்பு நீலத்தை 4-1 என்று வெல்கிறது. நீலம் பச்சையை 3-2 என்று வெல்கிறது. பச்சையோ சிவப்பை 3-2 என்று வெல்கிறது! வட்டமாகச் சுற்றுகிறது, முதலிடம் என்று ஒன்றே இல்லை. 1785-இல் பிரான்ஸின் கணித அறிஞர் கொண்டோர்சே வாக்கெடுப்புகளை ஆராய்ந்தபோது எழுதிவைத்த புதிரும் இதே வட்டம்தான். கூட்டிப் பார்த்தால் 39, 41, 40. சண்டையே இல்லை, சிவப்பு முதலிடம். கூட்டல் எப்போதும் ஒரு வரிசையைத் தரும், ஆனால் மூன்றாம் ஆளால் அசையும். ஒப்பீடு மூன்றாம் ஆளால் அசையாது, ஆனால் சில சமயம் வரிசையே தராது. ஆகவே முதலில் கூட்டல், முட்டிக்கொண்டால் ஒப்பீடு என்று அடுக்கியிருப்பது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து.

"நேரத்தையே கூட்டிவிடலாமே?" என்று சிலர் கேட்கக்கூடும். ஐந்தாவது ஆளுக்குப் பாதி வழியில் கால் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் தாமதமானால், மற்ற நால்வர் நொடி நொடியாகச் சேர்த்ததெல்லாம் போய்விடும். இடங்களைக் கூட்டும்போது ஒரு தனி விபத்தின் எடை அளவோடு நிற்கிறது. இதே யோசனை அறிவியலிலும் உண்டு. பூச்சிமருந்து ஆராய்ச்சியில் இருந்த வேதியியலாளர் ஃபிராங்க் வில்காக்ஸன், அளவுகளை அப்படியே ஒப்பிடாமல் அவற்றை வரிசைப்படுத்தி, வரிசை எண்களைக் கூட்டி ஒப்பிடலாம் என்று 1945-இல் எழுதினார். நான்கே பக்கக் கட்டுரை. 1947-இல் மான், விட்னி என்ற கணித அறிஞர்கள் இருவர் அதையே சோடி சோடியாக எண்ணுகிற வடிவில் வளர்த்தார்கள், நாம் முதுகு எண்ணியது போலவே. இன்று புதிய மருந்தைச் சோதிக்கிறவர்கள் அன்றாடம் பயன்படுத்துகிற கருவி அது. "வரிசை எண்ணைக் கூட்டுவது எப்படி" என்று ஆராய்ச்சி நிதிக்கு ஒருவர் விண்ணப்பித்தால் எத்தனை குழுக்கள் கொடுக்கும்? இதனால் என்ன பயன் என்று முதல் பக்கத்திலேயே கேட்டு அனுப்பிவிடுகிற வழக்கம் எனக்குப் பெரிய வருத்தம். இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் காகிதமும் பேனாவும் கொஞ்சம் அவகாசமும் போதும். அதையாவது தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு மிகவும் கடுமையாக வேலை செய்வது தகுதிச் சுற்றில். முதல் பிரிவுக்காக நாடு ஒன்பது மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் நேராக இறுதிப் பந்தயத்துக்குப் போகும், அது 18. மொத்தம் 31 அணிகள், ஆக இன்னும் 13 இடங்கள். பல ஆண்டுகளாக இருந்துவரும் முறைப்படி, ஏற்கெனவே தேர்வான அணிகளைப் பருவத்தில் எத்தனை முறை வென்றிருக்கிறார்கள் என்று எண்ணி, ஒவ்வோர் அணியாகச் சேர்ப்பார்கள். ஓர் அணி சேர்ந்ததும், அதை முன்பு வென்ற அணிகளுக்கும் ஒரு மதிப்பு கூடும். சங்கிலி போல நகரும். மண்டலத்தில் நான்காவதாக வந்த அணிக்குப் போதிய வெற்றிகள் இருந்து, மூன்றாவது அணிக்கு இல்லாமல் போனால், நான்காவது மூன்றாவதை முன்னால் தள்ளிக்கொண்டு இரண்டுமே உள்ளே போவதும் உண்டு. மண்டலப் பந்தயத்தில் தன்னை வென்ற அணியைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பதால்.

அதனால் மண்டலப் பந்தயத்தில் இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே உள்ள ஒரு புள்ளி, இறுதிப் பந்தயத்துக்கான பயணச்சீட்டுக்கும் பதற்றமான காத்திருப்புக்கும் நடுவே உள்ள தூரம். அந்தப் புள்ளியை உங்கள் மகளால் எதிரணிக்கு ஏற்றிவிட முடியும்.

அடுத்த பந்தயத்தைப் பார்க்கும்போது, அம்மா, உங்கள் மகளுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். அவளுக்குப் பின்னால் எதிரணிகளின் நான்காவது, ஐந்தாவது ஆட்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். அத்தனை புள்ளிகளும் அவள் போட்டவை.