ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் உடனே விண்டோஸ் போடச் சொல்லாதீர்கள்

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் ஹேங் ஆகி நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால், பூட் ஆவதற்கு டிரைவ் எதுவும் இல்லை என்று கருப்புத் திரையில் ஒரு வரி வருகிறது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரைக்குள் போய்ப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கின் பெயரே இல்லை. இப்படி சர்வீஸுக்கு வருகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "விண்டோஸ் போட எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. டிஸ்க் தெரியாத கம்ப்யூட்டரில் விண்டோஸ் போடவே முடியாது. டிஸ்க் மறுபடி தெரிகிற நேரம் பார்த்து யாராவது ஃபார்மட் செய்துவிட்டால், பிள்ளைகளின் படங்களும் கடைக் கணக்கும் போய்விடும்.

காணாமல் போன டிரைவ் எல்லாம் செத்துப்போன டிரைவ் இல்லை. டிரைவ் நன்றாக இருந்து, அதற்குக் கரண்ட் கொடுக்கும் சப்ளையோ கேபிளோ கெட்டிருப்பது சகஜம். ஆனால் எது கெட்டது என்று தேடுவதற்கு முன்னால் டேட்டாவைக் காப்பாற்ற வேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றவே கூடாது.

ரீஸ்டார்ட் கொடுத்தால் டிஸ்க்குக்குப் போகும் கரண்ட் பொதுவாக நிற்பதில்லை. தடுமாறி நின்ற டிஸ்க் அதே நிலையிலேயே இருக்கும். அதனால் முழுதாக ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். டிரைவ் தெரிந்ததா? சரி, அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். வேறு எந்த வேலையும் பார்க்காமல், முக்கியமான ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். இந்தக் கட்டத்தில் செக்டிஸ்க் ஓட்ட வேண்டாம். அது ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்கும் கருவி. உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. பழுதான டிஸ்க்கை மணிக்கணக்கில் படிக்க வைத்து, இருக்கிற உயிரையும் எடுத்துவிடும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் கதை வேறு. உடனே கரண்டை நிறுத்துங்கள். உள்ளே டேட்டாவைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது கெட்ட பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால் தட்டையே சுரண்டிவிடும். மூடியைத் திறந்து பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது எதுவும் வேண்டாம். டேட்டா முக்கியம் என்றால் ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும்.

சத்தம் இல்லை, காப்பியும் எடுத்தாயிற்று. அப்புறம் கேபிளைப் பாருங்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளில் கிளிப் இல்லாத ரகம் லேசான அதிர்வுக்கே தளர்ந்துவிடும். வேறு கேபிள், மதர்போர்டில் வேறு போர்ட் என்று மாற்றிப் பாருங்கள். புதிதாக எம்.2 எஸ்.எஸ்.டி. (மதர்போர்டிலேயே நேராகச் செருகும், சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) போட்ட பிறகு பழைய டிஸ்க் காணோம் என்றால் மதர்போர்டு மேனுவலைப் பாருங்கள். பல போர்டுகளில் அந்த ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும். அதில் சி.ஆர்.சி. எரர் (கேபிள் வழியாகப் போகும் டேட்டாவில் வரும் பிழை) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் கேபிள் மேல். கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நின்றால் போதும். ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதி), பெண்டிங் செக்டார் (சரியாகப் படிக்க முடியாத பகுதி) எண்ணிக்கைகள் ஏறினால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் விட அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது பவர் சப்ளையைத்தான். ஒரு டி.டி.பி. கடையில் டிஸ்க் அடிக்கடி காணாமல் போகிறது என்று புது டிஸ்க்கே மாற்றியிருந்தார்கள். புதியதும் அதேபோல் காணாமல் போனது. எப்போதெல்லாம் நடக்கிறது என்று கடைக்காரரைத் துருவிக் கேட்டதில், "பிரிண்ட் கொடுத்தா ஆஃப் ஆகி ஆன் ஆகுது சார்" என்றார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால், 600 வி.ஏ. யு.பி.எஸ்ஸில் கம்ப்யூட்டரோடு லேசர் பிரிண்டரும் சேர்ந்து மாட்டியிருந்தது. அந்த அளவு யு.பி.எஸ். தரக்கூடியது சுமார் 360 வாட். பிரிண்டரில் மையைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறும்போது அது ஒன்றே பல நூறு வாட் இழுக்கும். பிரிண்டரைச் சுவர் பிளக்குக்கு மாற்றியதும் ரீஸ்டார்ட் நின்றது. ஆனால் டிஸ்க் அப்போதும் எப்போதாவது மறைந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்ஸில் மல்டிமீட்டர் வைத்தேன். சும்மா இருக்கும்போது மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் சரியாக இருந்தது. பெரிய டிசைன் ஃபைலைத் திறந்து வேலை கொடுத்ததும் 11.4-க்குக் கீழே இறங்கியது. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 5 சதவீதம்தான், அதாவது 11.4 முதல் 12.6 வரை. ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார் ஓடுவது அந்த 12 வோல்ட்டில். நாள்கணக்கில் அப்படித் தள்ளாடி ஓடியதில் பழைய டிஸ்க்குக்கும் கேடு வந்திருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. டிஸ்க்குக்குச் செலவழித்த பணம்தான் வீண்.

டிரைவ் பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்றால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். சில வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) மாறியிருக்கலாம். அதற்கும் விண்டோஸ் புதிதாகப் போட வேண்டியதில்லை; மோடைப் பழையபடி மாற்றினால் போதும்.

எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதில் சத்தமெல்லாம் வராது. நேற்று வரை ஓடியது இன்று காலை தெரியாமல் போய்விடும். அழித்த ஃபைல்களின் இடத்தைக் காலி செய்துவிடும் ட்ரிம் வசதி ஓடிக்கொண்டிருப்பதால், ஃபார்மட் செய்த எஸ்.எஸ்.டி.யிலிருந்து ஃபைல்களை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அதோடு, விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. மதர்போர்டு போய் டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அதை எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரசீதில் "டேட்டா முக்கியம், கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். டிஸ்க் மாற்றியதாகச் சொன்னால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஆதார் நகலும் பேங்க் விவரங்களும் அதற்குள்தான் இருக்கின்றன.